டாக் வாங்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்

கணினிக் கேள்வி-பதில் பகுதிக்கு இந்த மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்து மட்டும் நான்கு கடிதங்கள். நால்வரும் பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் (உபுண்டு, மிண்ட் எல்லாம் அதன் வகைகள்) போட்டு ஓட்டுகிறவர்கள். நம் தோட்டப்புற ஊர்களில் இப்படிச் செய்கிறவர்கள் கூடிவருவது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் இவர்களில் சிலருக்குக் கிடைத்த ஆலோசனை ஒன்றுதான்: எதையாவது மாற்றுங்கள். ஈப்போவுக்குப் போய்ப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது, அதனால் இந்தத் தடவை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஹப், டாக் என்று வருவதெல்லாம் மடிக்கணினியின் ஒரே துளையில் பல சாதனங்களை மாட்ட உதவும் பெட்டிகள்.

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் மடிக்கணினியில் உபுண்டு இருக்கிறது. வகுப்பறை புரொஜெக்டரில் மாட்டுவதற்காக யூஎஸ்பி-சி ஹப் ஒன்று வாங்கினேன். மவுஸும் பென்டிரைவும் அதில் வேலை செய்கின்றன, புரொஜெக்டரில் மட்டும் படம் வரவே இல்லை. "லினக்ஸ்தான் காரணம், விண்டோஸுக்கு மாறுங்கள்" என்கிறார் கடைக்காரர். மாறட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள் டீச்சர். யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவம் மட்டும்தான். அந்த வடிவம் 2014-இல் வந்தது, உள்ளே 24 முனைகள், ஆனால் அவற்றில் எதற்கெல்லாம் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பது மடிக்கணினி தயாரித்தவரின் முடிவு. சில துளைகளில் டேட்டா மட்டும் போகும், சிலவற்றில் சார்ஜும் ஏறும், இன்னும் சிலவற்றில்தான் டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோடு என்கிற வசதி இருந்து படமும் வெளியே வரும். மவுஸ் ஓடுகிறது, படம் மட்டும் இல்லை என்றால் உங்கள் துளையில் அந்த வசதியே இல்லாமலிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் விண்டோஸ் போட்டாலும் படம் வராது, லினக்ஸின் மேல் பழி போடுவதில் நியாயமே இல்லை.

எப்படித் தெரிந்துகொள்வது? துளைக்குப் பக்கத்தில் ஆங்கில 'டி' (D) எழுத்து மாதிரி ஒரு குறியோ, தண்டர்போல்ட் (சி வடிவத் துளையிலேயே படமும் டேட்டாவும் போகும் இன்னொரு வேக இணைப்பு) என்பதன் மின்னல் குறியோ இருந்தால் படம் வரும். குறி இல்லாததால் வசதியும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது, எனவே மடிக்கணினியின் அடியில் உள்ள மாடல் எண்ணைத் தேடி, தயாரிப்பாளர் பக்கத்தில் அந்தத் துளையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். லினக்ஸிடமே கேட்கவும் வழி உண்டு. சிஸ், கிளாஸ், டைப்சி (/sys/class/typec) என்று வரிசையாகப் போகும் ஃபோல்டருக்குள் எஃப்எஃப்01 என்ற எண் தெரிந்தால் அது டிஸ்பிளேபோர்ட்டின் அடையாள எண். அந்த ஃபோல்டர் காலியாக இருந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், பல மடிக்கணினிகளில் இந்த வேலையை ஃபர்ம்வேரே (சிப்புக்குள்ளேயே இருக்கும் நிரல்) பார்த்துக்கொள்கிறது, லினக்ஸுக்கு எதையும் காட்டுவதில்லை.

ஹப்பின் கேபிள் தனியாகக் கழற்றக்கூடியதா? அப்படியென்றால் அதை முதலில் சந்தேகப்படுங்கள். கைப்பேசியோடு வருகிற சார்ஜ் கேபிள்கள் பலவற்றில் இரண்டு பக்கமும் சி முனை இருந்தாலும் உள்ளே யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டும்தான். படத்தைச் சுமக்கும் வேகக் கம்பிகள் அதில் கிடையவே கிடையாது. மவுஸ் ஓடும், சார்ஜ் ஏறும், படம் மட்டும் வராது, சரியாக நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி.

இன்னொரு வகை டாக் இருக்கிறது, டிஸ்பிளேலிங்க் சிப் வைத்தது. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னல்) எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்று அடித்தால் அந்தப் பெயரே வரிசையில் தெரியும். அது படத்தைச் சுருக்கி டேட்டாவாக அனுப்புவதால் எந்தத் துளையிலும் ஓடும், ஆனால் லினக்ஸில் தனியாக டிரைவர் போட வேண்டும். டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் செய்தவுடன் நீலத் திரை ஒன்று வந்து, டிரைவர் போடும்போது நீங்கள் வைத்த பாஸ்வேர்டைக் கேட்கும். செக்யூர் பூட் (அங்கீகாரம் இல்லாத நிரல் ஏறாமல் தடுக்கும் பாதுகாப்பு) உள்ள மடிக்கணினியில் அந்தத் திரையைப் பயந்து தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது. நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் இது.

கடைசியாக, உங்கள் மடிக்கணினியில் எச்டிஎம்ஐ துளை தனியாக இருந்தால் வகுப்புக்கு அதையே பயன்படுத்துங்கள், ஹப்பே வேண்டாம்.

கேள்வி: செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். லினக்ஸ் மிண்ட் மடிக்கணினியோடு டாக் வழியாக மானிட்டர், கீபோர்டு, நெட்வொர்க் கேபிள் எல்லாம் மாட்டியிருக்கிறேன். சம்பளக் கணக்குப் போடும்போது திடீரென்று எல்லாம் அறுந்துபோய்ச் சில விநாடியில் திரும்ப வருகிறது. சாப்பிட்டு வந்து மூடியைத் திறந்தால் நெட்வொர்க் மட்டும் வருவதில்லை. டாக் கெட்டுவிட்டதா?

பதில்: சார், நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நாள் முழுக்கப் போய்விடும்.

முதலில் அந்தத் திடீர் அறுப்பு. டெர்மினலைத் திறந்து சுடூ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டச் சொல்லும் சொல்) போட்டு, டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துக் கட்டளையை அடித்து, ஒரு இடைவெளியும் சிறுகோடும் விட்டுச் சிறிய டபிள்யூ சேருங்கள் (sudo dmesg -w). கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தனக்குள் எழுதிக்கொள்வதெல்லாம் உங்கள் கண்முன் ஓடும். ஜன்னலை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள், அறுந்த கணத்தில் என்ன வரி வந்தது என்று பாருங்கள். எரர் மைனஸ் 71 என்று வந்தால் டேட்டா வழியில் சிதைந்துபோகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் கேபிள், அல்லது முனை சரியாக உட்காராதது, அல்லது மின்சாரப் போதாமை. ஓவர் கரண்ட் என்று வந்தால் டாக்கில் மாட்டியிருக்கும் ஏதோ ஒன்று அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் அகப்பட்டுவிடும். எந்த வரியும் இல்லாமல் மானிட்டர் மட்டும் கறுத்துப்போனால் மானிட்டர் கேபிளைப் பாருங்கள்.

மின்சாரக் கணக்கு முக்கியம். மடிக்கணினியின் 65 வாட் சார்ஜரை ஹப்பில் மாட்டினால் அந்த 65-ம் மடிக்கணினிக்குப் போகாது. ஹப் தனக்கென்று 10, 15 வாட் எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தரும். அதோடு, உள்ளே அடையாளச் சிப் இல்லாத சாதாரண சி கேபிளில் 3 ஆம்பியருக்கு மேல் ஓட விடமாட்டார்கள், 20 வோல்ட்டில் அது 60 வாட்தான். 100 வாட் சார்ஜரே வைத்திருந்தாலும் கேபிள் இப்படி இருந்தால் பலன் இல்லை. 5 ஆம்பியர் என்று எழுதிய கேபிள் வேண்டும். பாசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கும் கேபிளில் என்ன எழுதியிருந்தாலும் நம்பிவிடாதீர்கள், சிப் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அப்புறம் எல்எஸ்யூஎஸ்பி அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சிறுகோடு போட்டுச் சிறிய டி சேருங்கள் (lsusb -t). எது எதில் மாட்டியிருக்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்று மரக்கிளை மாதிரி காட்டும். 5000எம் அல்லது 10000எம் வரியே இல்லாமல் டாக் முழுக்க 480எம்-இல் நின்றால் காரணம் இரண்டில் ஒன்று. கேபிள் யூஎஸ்பி 2.0 வகையாக இருக்கலாம், இல்லையென்றால் மானிட்டர் எல்லா வேகக் கம்பிகளையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். சி கேபிளில் வேகப் பாதைகள் நான்கு. படத்துக்கு நான்கையும் கொடுத்தால் டேட்டாவுக்குப் பழைய வேகம்தான் மிச்சம். இரண்டாகப் பிரித்தால் டேட்டா வேகமாகும், ஆனால் பழைய டிஸ்பிளேபோர்ட் 1.2 மடிக்கணினியில் 4கே படம் விநாடிக்கு 30 தடவையோடு நின்றுவிடும், மவுஸ் முள் இழுத்து இழுத்து நகர்வது மாதிரி தெரியும். இது கோளாறே இல்லை, அந்த டாக்கின் அமைப்பு. சம்பளக் கணக்குக்கு 1080 அளவே தாராளம், அதில் வையுங்கள்.

இப்போது நெட்வொர்க். மூடியை மூடியதும் லினக்ஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க டாக்கில் இருப்பவற்றைத் தூங்க வைக்கிறது, நெட்வொர்க் சிப் திரும்ப எழ மறுக்கிறது. டாக் கேபிளைப் பிடுங்கி மாட்டினால் நெட்வொர்க் வந்துவிடுகிறதா? வந்தால் இதுதான். நிறைய டாக்குகளில் இருப்பது ரியல்டெக் 8153 சிப். டிஎல்பி என்ற பேட்டரிச் சேமிப்பு நிரலை நீங்கள் போட்டிருந்தால் அதன் அமைப்புக் கோப்பில் யூஎஸ்பி ஆட்டோசஸ்பெண்ட் என்ற வரியைப் பூஜ்ஜியமாக்குங்கள். அந்தச் சிப்பை மட்டும் விலக்கிவைக்கும் பட்டியலும் அதே கோப்பில் இருக்கிறது, அதுவே இன்னும் நல்லது, மற்றவை வழக்கம்போலத் தூங்கிப் பேட்டரியைக் காப்பாற்றும்.

டாக்கை அலுவலகத்தில் வைத்திருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் சுவர்ப் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் இழுத்த நெட்வொர்க் கேபிள் வழியாக இடியின் மின்சாரம் டாக்குக்குள்ளும் அங்கிருந்து மடிக்கணினிக்குள்ளும் இறங்கலாம்.

கேள்வி: பொலிடெக்னிக்கில் படிக்கிறேன். கேபிளை ஒரு பக்கம் மாட்டினால் சார்ஜ் ஏறுகிறது, திருப்பி மாட்டினால் ஏறுவதில்லை. சில நாளில் எந்தப் பக்கமும் இல்லை. மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு பணம் என்னிடம் இல்லை.

பதில்: தம்பி, இன்னும் மனதை விடாதே. துளைக்குள் டார்ச் அடித்துப் பார். பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் அலைகிற மடிக்கணினியின் துளையில் பஞ்சும் மண்ணும் இறுகிக் கிடக்கும், முனை முழுக்க உள்ளே போகாது. கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக எடு. ஊசி, பின் எதுவும் கூடாது, நடுவிலிருக்கும் மெல்லிய நாக்கு உடைந்தால் அதோடு கதை முடிந்தது.

அடுத்து, வேறொரு நல்ல கேபிளில் இரண்டு பக்கமும் மாட்டிப் பார். எந்தக் கேபிளானாலும் அதே ஒரு பக்கம்தான் ஏறுகிறது என்றால் கோளாறு துளையில். எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது என்று கணினிக்குச் சொல்ல சிசி முனைகள் இரண்டு இருக்கின்றன, அதில் ஒன்று அழுக்கேறியோ தேய்ந்தோ ஈயம் விட்டோ இருக்கும். இரண்டு பக்கமும் ஏறாத நாளில் மட்டும் இன்னொன்றையும் செய்: அணைத்து, எல்லாவற்றையும் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி மாட்டு. சார்ஜைக் கவனிக்கும் கட்டுப்பாட்டுச் சிப் சில நேரம் உறைந்துபோகும், இதில் விடுபடும். சில திங்க்பேட்களில் இதற்கென்றே அடியில் குண்டூசித் துளை ஒன்று உண்டு.

துளைதான் கெட்டது என்று உறுதியானால் கடையில் இப்படிக் கேள்: "இந்த மாடலில் சார்ஜ் துளை தனிச் சின்ன போர்டில் இருக்கிறதா, மதர்போர்டிலேயே இருக்கிறதா?" தனி போர்டு என்றால் அதை மட்டும் மாற்றலாம். மதர்போர்டில் இருந்தாலும் துளையை மட்டும் கழற்றிப் புதிதாக ஈயம் வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கைப்பேசி பழுதுபார்க்கிற நல்ல கடைகளில் விசாரி. அதுவரை, இரண்டாவது சி துளை இருந்து அதிலும் சார்ஜ் ஏறுமானால் அதில் ஓட்டு.

கேள்வி: தண்டர்போல்ட் டாக் வைத்திருக்கிறேன், கணினியில் உபுண்டு. அண்மையில் அப்டேட் செய்ததிலிருந்து சார்ஜ் மட்டும்தான் ஏறுகிறது, மானிட்டரும் கீபோர்டும் வருவதில்லை.

பதில்: செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் தண்டர்போல்ட் என்று இருக்கும், அங்கே உங்கள் டாக் அனுமதிக்குக் காத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அனுமதி கொடுங்கள். அனுமதி இருந்தும் வராவிட்டால் கணினியை ஏற்றும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையைத் தட்டி, அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் எல்லாம் ஓடினால் உங்கள் டாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, புதிய கர்னலில்தான் சிக்கல். கூடவே ஃபர்ம்வேர் அப்டேட்டர் செயலியைத் திறந்து மடிக்கணினிக்கோ டாக்குக்கோ ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் அதைப் போடும்போது சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், நடுவில் கேபிளைத் தொடக்கூடாது. பழைய கர்னலை நீக்கிவிடாதீர்கள், அடுத்த அப்டேட் வந்ததும் புதியதில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.