பீச் காப்ளர் அடியில் ஏன் தண்ணீராக ஓடுகிறது?

பீச் காப்ளர் என்பது பீச் பழத்துண்டுகளின் மேல் மாவை வைத்து ஓவனில் சுடும் அமெரிக்க இனிப்பு. ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மூன்று தடவை பீச் காப்ளர் செய்துவிட்டேன். மேலே நல்ல பொன்னிறம், ஆனால் கரண்டியை விட்டால் மாவின் அடிப்பக்கம் பச்சையாகக் கொழகொழக்கிறது, பழம் ரசம் மாதிரி ஓடுகிறது. கார்ன்ஃப்ளார் கூடப் போட்டேன். எங்கே தப்பு?"

முதலில் அந்த கார்ன்ஃப்ளார் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் கார்ன்ஃப்ளார் என்று விற்பது வெள்ளை வெளேர் என்ற மாவுச்சத்து, விரலால் அழுத்தினால் நறநறக்கும். அமெரிக்கக் கடையில் அதற்குப் பெயர் கார்ன் ஸ்டார்ச். அங்கே கார்ன் ஃப்ளார் என்று வாங்கினால் மக்காச்சோளத்தை நைஸாக அரைத்த மாவு வரும், அது சாற்றை அந்த அளவுக்கு இறுக்காது. இரண்டு நாட்டிலும் ஒரே பெயர், வேறு வேறு பொருள். இதைப் பாக்கெட்டில் தெளிவாக அச்சிட என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சரியான பொருளே போட்டிருந்தாலும் அது கொதித்தால்தான் இறுகும். ஓரத்தில் குமிழி வந்தால் போதாது, நடுவிலும் கெட்டியாக, மெதுவாகக் குமிழி வர வேண்டும். மாவு பச்சையாக நிற்பதற்கும் இதுதான் காரணம்: குளிர்ந்த பழத்தின் மேல் மாவை வைத்தால் மேல்பக்கம் சிவந்து முடிந்த பிறகுதான் அடிக்குச் சூடு போய்ச் சேருகிறது.

ஒரு கிலோ பீச்சுக்கு 100 கிராம் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி கார்ன் ஸ்டார்ச், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து, மாவு இல்லாமல் 190 டிகிரியில் (உங்கள் ஓவனில் 375 என்று இருக்கும்) சாறு கொதிக்கத் தொடங்கும் வரை வையுங்கள், 15 முதல் 20 நிமிடம் ஆகும். அப்புறம் மாவைச் சின்னச் சின்ன உருண்டைகளாக, ஆவி போக இடம் விட்டு வைத்து, இன்னும் 30 நிமிடம். எடுக்கும் முன் நடு உருண்டையைக் கத்தி நுனியால் தூக்கி அடியைப் பாருங்கள். ரொட்டி போல உலர்ந்திருக்க வேண்டும்.

இப்போது பழம். உங்கள் ஊரில் இதில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். ஜார்ஜியா பீச் மே மாதம் நடுவில்தான் வரத் தொடங்கும், ஆகஸ்டில் முடிந்துவிடும். ஏப்ரலில் சாலையோரம் வண்டியை நிறுத்தி "ஜார்ஜியா பீச்" என்று பெட்டி பெட்டியாக விற்பவரிடம் வாங்காதீர்கள். குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ஆர்டர் பிடித்துக் கொடுப்பவர்களிடம் இன்னும் கவனம். எனக்கு ஒருமுறை வந்த பெட்டியில் மேல்வரிசை மணக்க மணக்கப் பழம், கீழே இரண்டு வரிசையும் கல் மாதிரிக் காய். பணம் திரும்பவில்லை. பெரிய கடைகள் பழம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுதி வைத்தே ஆக வேண்டும், சட்டம் இருக்கிறது. வண்டிக்காரரை யாரும் கேட்பதில்லை. கடைகளுக்கும் பெரும்பாலும் காயாகப் பறித்துக் குளிரில் அடைத்துத்தான் அனுப்புகிறார்கள், அதனால்தான் சில பீச் சாறே இல்லாமல் மாவு மாதிரி இருக்கிறது. நிறத்தை நம்பாதீர்கள், காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். ஜூன் நடுவிலிருந்து வருபவற்றில் கொட்டை தானாகக் கழன்று வரும், வெட்டும் வேலை பாதி.

உறைந்த பீச் என்றால் மட்டும் வழி வேறு. அதை நேராகத் தட்டில் கொட்டினால் மேலே சொன்ன நேரக்கணக்கு எதுவும் செல்லாது, நடு சூடேற இன்னும் அதிக நேரம் பிடிக்கும். வடிகட்டியில் போட்டு முழுக்க உருக விடுங்கள். கீழே இறங்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. அதைச் சின்ன வாணலியில் பாதியாகச் சுண்டவைத்து, ஆறவிட்டு, கார்ன் ஸ்டார்ச்சை அதில் கரைத்துப் பழத்தோடு சேருங்கள். சுடச்சுட இருக்கும்போது கரைத்தால் கட்டி தட்டிவிடும்.

எடுத்தவுடன் பரிமாறாமல் 40 நிமிடம் விடுங்கள், சாறு ஆறும்போதுதான் மீதி இறுகும்.