தென் ஆப்பிரிக்கா விலகிய பின்

கேள்வி: தென் ஆப்பிரிக்க அணிகள் சூப்பர் ரக்பியை விட்டுச் சென்றதால் நியூசிலாந்து வீரர்களுக்கு இழப்பு உண்டா?

பதில்: உண்டு என்றே உறுதியாகக் கருதுகிறேன். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா ஆகிய நாடுகளின் 12 அணிகளோடு 1996இல் தொடங்கிய அந்தப் போட்டி, 2020இல் பெருந்தொற்றால் இடையிலேயே நின்றது. அதன்பின் தென் ஆப்பிரிக்க அணிகளான புல்ஸ், ஸ்டார்மர்ஸ், ஷார்க்ஸ், லயன்ஸ் ஆகியவை நேர வேறுபாடு மிகக் குறைவான ஐரோப்பிய அணிகளோடு யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப்பில் இணைந்தன. 2022இல் கேப்டவுனில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஸ்டார்மர்ஸ் புல்ஸை 18–13 என வென்றது. தென் ஆப்பிரிக்க முன்கள வீரர்களின் அசுர பலத்தை ஸ்க்ரம்மில் (இரு அணிகளின் முன்கள வீரர்களும் தோள் கோத்து ஒருவரையொருவர் முட்டித் தள்ளும் கட்டம்) எதிர்கொண்டு பழகும் வாய்ப்பு, தேசிய அணியை எட்டாத நியூசிலாந்து இளைஞர்களுக்கு இப்போது அரிதாகிவிட்டது. ஆனால், 2022இல் ஃபிஜியன் துருவா, மோவானா பசிபிகா ஆகிய பசிபிக் தீவு அணிகள் சூப்பர் ரக்பியில் சேர்க்கப்பட்டது, பசிபிக் தீவு வீரர்களுக்கு வெகுநாள் முன்பே கிடைத்திருக்க வேண்டிய நியாயம்.