ஒரு டிக்கெட், இரண்டு கேலிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் ஒட்டன்சத்திரம். ஸ்டுட்கார்ட்டில் கார் உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சென்ற குளிர்காலத்தில், கூட வேலை செய்யும் ஜெர்மன்காரர் தன்னிடம் மிஞ்சிய டிக்கெட்டைக் கொடுத்து ‘ஒனேகின்’ பாலேவுக்கு அனுப்பிவைத்தார். வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். கடைசிக் காட்சியில் என்னையறியாமல் அழுதுவிட்டேன். அதன்பின் முடிந்தபோதெல்லாம் போகிறேன்.

இங்குள்ள நம் நண்பர்களுக்கு இது பெரிய வேடிக்கை. ஒருவர், “என்ன, காலைப் பார்க்கப் போறியா?” என்று கண்ணடிக்கிறார். இன்னொருவர், “பொம்பளைங்க சமாச்சாரத்துல ஆம்பளைக்கு என்ன வேலை?” என்கிறார். மேடையில் இறுக்கமான உடையில் ஆடும் ஆண்களைப் பற்றி அவர் சிரித்துக்கொண்டே சொல்வதை எழுதக் கூசுகிறது. பாலே ஆடுகிறவனுக்குக் கால்பந்து வீரனைவிட உடம்பில் வலு வேண்டும் என்றெல்லாம் வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. இப்போது என் எட்டு வயது மகன் தானும் வருவேன் என்கிறான். “ஸ்கூல்ல பசங்க கிண்டல் பண்ணினா?” என்று மனைவி தயங்குகிறாள். என்ன சொல்வது?

கதிர்

*

அன்புள்ள கதிர்,

உங்கள் நண்பர்கள் இருவரும் முதலில் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். நீங்கள் பெண்பித்தரா, ஆம்பளையே இல்லையா? ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு பழியும் எப்படிப் பொருந்தும்? ஆனால் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. வெவ்வேறு காலத்தில் பிறந்த கேலிகள் அவை. எங்கே பிறந்தன என்று தெரியாமலே உங்கள் நண்பர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பாலே அரண்மனையில் வளர்ந்த காலத்தில் இரண்டுமே கிடையாது. பிரான்சின் பதினான்காம் லூயி 1653ல், பதினான்கு வயதுப் பையனாக, உதயசூரியன் வேடமிட்டு ஆடினான். பாரிஸ் ஓபரா மேடையில் தொழில்முறைப் பெண்கள் ஏறியதே 1681ல்தான். அதுவரை பெண்வேடத்தையும் ஆண்களே முகமூடி போட்டு ஆடினார்கள். ரிகோ என்ற ஓவியர் 1701ல் வரைந்த லூயியின் படம் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இணையத்தில் தேடிப் பாருங்கள். அறுபதைத் தாண்டிய மன்னன் அரச அங்கியை ஒதுக்கிக் காலைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். வெள்ளைக் காலுறை, சிவப்புக் குதி வைத்த செருப்பு, பாலேக்காரனைப் போலவே வெளிப்பக்கம் திருப்பிய பாதங்கள். உங்கள் நண்பர் சிரிக்கும் அந்த இறுக்கமான உடையின் பூர்வீகம் இதுதான். அன்றைக்கு அந்தக் காலைப் பார்த்துச் சிரிக்க யாருக்குத் துணிச்சல் இருந்திருக்கும்!

முதல் கேலி பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸைச் சேர்ந்தது. 1832ல் ‘லா சில்ஃபீட்’ பாலேயில் மரீ தக்லியோனி கால்விரல் நுனியில் நின்று ஆடியபிறகு மேடை பெண்களுடையதாயிற்று. ஆண் ஆடுவதைப் பார்க்கவே சகிக்கவில்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். 1870ல் ‘கொப்பேலியா’ அரங்கேறியபோது கதாநாயகன் வேடத்தில் ஆடியதே ஒரு பெண்தான். அப்படியானால் பார்த்தவர்கள் யார்? ஆண்கள். அதுவும் குதிரைப் பந்தயம் நடத்திய ஜாக்கி கிளப்பின் பணக்காரப் பிரபுக்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மைனர்கள் சதிர்க் கச்சேரிக்குப் போன தோரணை. மேடைக்குப் பின்னால் நடனப் பெண்களைச் சந்திக்க அவர்களுக்கென்றே ஒரு கூடம் இருந்தது. ஏழைக் குடும்பத்துப் பெண்கள் அங்கே என்ன பாடுபட்டார்கள் என்பது தனிக்கதை. தெகாவின் ஓவியங்களில் திரையோரமாக நிற்கும் கறுப்புக் கோட்டுக்காரர்கள் இவர்கள்தான்.

இவர்களுடைய அதிகாரம் சாமானியமானதல்ல. சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் அங்கத்துக்குத்தான் வருவார்கள். அதனால் ஓபரா எனும் இசைநாடகத்தில் பாலே இரண்டாம் அங்கத்தில் வரவேண்டும் என்பது வழக்கம். 1861ல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் ‘டான்ஹாய்ஸர்’ ஓபராவில் அதை முதல் அங்கத்திலேயே வைத்தார். வந்தவர்கள் விசில் அடித்தே நிகழ்ச்சியைக் கெடுத்தார்கள். மூன்றே காட்சிகளோடு அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. பாலேவுக்காக இப்படி ரகளை செய்த இந்தக் கனவான்களின் ஆண்மையை அன்று ஒருவரும் சந்தேகப்படவில்லை. பாலேவுக்குப் போவதே ஆண்மையின் விளம்பரமாக இருந்தது.

1909ல் தியாகிலெவ் என்ற கலை அமைப்பாளர் ருஷ்ய பாலே குழுவைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். ருஷ்யாவில் ஆண்கள் ஆடுவது நிற்கவே இல்லை, ஆகவே நிஜின்ஸ்கி என்ற ஒருவர் அங்கிருந்து வர முடிந்தது. ரோஜா இதழ்கள் தைத்த உடையில் அவர் ஜன்னல் வழியாகத் தாவி மறையும் காட்சியைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. இப்போது மேடையில் அழகாகத் தெரிந்தது ஓர் ஆணின் உடல். கூடவே தியாகிலெவுக்கும் நிஜின்ஸ்கிக்கும் இருந்த உறவும் ஊருக்குத் தெரிந்திருந்தது. ஆண்களோடு உறவு வைத்திருந்தார் என்று எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டைச் சிறையில் தள்ளிய 1895ஆம் ஆண்டு வழக்கு ஜனங்களுக்கு மறந்துபோயிருக்கவில்லை. உங்கள் இரண்டாவது நண்பரின் கேலி இந்த வழியில் வந்ததுதான். ஆடுகிறவர்களில் ஆண்களை விரும்புகிறவர்கள் உண்டு, பெண்களை விரும்புகிறவர்களும் உண்டு. டிக்கெட் வாங்கியவருக்கு அதில் என்ன வழக்கு?

நீங்கள் உடல்வலுவை வைத்து வாதாடியது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் எடுக்கும் ஆயுதம்தான் அது. நியூயார்க் சிட்டி பாலேயின் எட்வர்ட் வில்லெல்லா கல்லூரிக் காலத்தில் குத்துச்சண்டை வீரர் என்பதை எத்தனை பேர் எத்தனை முறை எழுதிவிட்டார்கள். உண்மைதான். ஆனால் அப்படிச் சொன்ன கணமே ஆண் என்றால் குத்துச்சண்டைக்காரன் என்று நாமே ஒப்புக்கொண்டு விடுகிறோம். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் பாலேயை ரசித்தால் அவனுக்கு எந்த வக்கீல்?

மேலும், இருவர் ஆட்டத்தில் ஆண் செய்யும் வேலையைக் கவனித்திருப்பீர்கள். அவள் ஒற்றைக் கால்நுனியில் நிற்கிறாள். இடுப்பருகே அவன் விரல்கள் அவளுடைய எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன. கொஞ்சம் அதிகமாகப் பிடித்தால் சுழற்சி நின்றுபோகும், குறைத்தால் விழுவாள். தூக்குவதும் வெறும் கைபலத்தால் நடப்பதில்லை. அவள் முழங்கால் மடக்கி எழும்பும் நொடியும் இவன் எழும்பும் நொடியும் ஒன்றாக இருக்க வேண்டும். அத்தனையும் செய்துவிட்டு, தான் ஒன்றுமே செய்யாததுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். பலம் இருக்கிறது, ஆனால் காட்டக்கூடாது. உங்கள் நண்பர்களுக்குப் பழக்கமான ஆண்மை இதற்கு நேர் எதிர்.

நீங்கள் அழுத இடத்தையே எடுத்துக்கொள்வோம். ருஷ்யக் கவிஞர் புஷ்கினின் கதைக்கு ஜான் கிராங்கோ உங்கள் ஸ்டுட்கார்ட்டில்தான் 1965ல் நடனம் அமைத்தார். தத்தியானா எழுதிய காதல் கடிதத்தை ஒனேகின் அவள் கண்ணெதிரே கிழிக்கிறான். வருடங்கள் கழித்து அவள் காலடியில் கிடந்து மன்றாடுகிறான், அவள் அவன் கடிதத்தைக் கிழித்துவிட்டு வெளியே போகச் சொல்கிறாள். மிடுக்கான ஒருவன் தரையில் தவழ்ந்து கெஞ்சுவதை ஆயிரம் பேர் நடுவே உட்கார்ந்து பார்ப்பது ஆண்களுக்குக் கஷ்டமான காரியம். உடையைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நண்பர்களிடம் வாதாடுவதை விட்டுவிட்டு ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுங்கள். இடைவேளையில் எழுந்து போனாலும் பரவாயில்லை.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. 2019ல் ஆறு வயது பிரிட்டிஷ் இளவரசர் ஜார்ஜ் பாலே கற்கிறார் என்று சொல்லி அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒருவர் சிரித்தார். சுமார் முந்நூறு பேர் டைம்ஸ் சதுக்கத்தில் அந்த ஸ்டூடியோவுக்கு வெளியே தெருவிலேயே பாலே வகுப்பு நடத்தினார்கள், அவர் மன்னிப்புக் கேட்டார். இளவரசருக்கே அந்தக் கதி. உங்கள் மகனையும் நிச்சயம் யாராவது கிண்டல் செய்வார்கள். அவன் ஆசைப்பட்டுக் கேட்டதை நீங்கள் தட்டிவிட்டால், முதல் கிண்டல் வீட்டிலிருந்தே வந்ததாகிவிடும்.

அழைத்துப் போங்கள். ஆனால் ‘ஒனேகின்’ வேண்டாம், எட்டு வயதில் தூங்கிவிடுவான். ஷேக்ஸ்பியரின் ‘டேமிங் ஆஃப் த ஷ்ரூ’ நாடகத்துக்கும் கிராங்கோ 1969ல் பாலே அமைத்திருக்கிறார். அடிதடியும் கூத்துமாகப் போகும், பையன் விழுந்து விழுந்து சிரிப்பான். அடங்காத மனைவியைக் கணவன் அடக்கும் கதை என்பதால், திரும்பும்போது வீட்டம்மாவிடம் வேறொரு வாதம் கிளம்பலாம். அதற்கு நான் பொறுப்பல்ல.