வாங்கலாமா, வேண்டாமா: பழைய வீட்டு வாடை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: பழைய வீடு, உள்ளே நுழைந்தால் ஒரு வாடை, அதற்கு என்ன வாங்குவது? மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று முழுக்க மூக்குதான்.

கேள்வி: நாற்பது வருடப் பழைய வீட்டை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். கதவைத் திறந்ததும் மக்கிய வாடை. நல்ல ரூம் ஸ்ப்ரே ஒன்று சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். முதலில் வாடை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு நாள் முழுக்கக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு வெளியே போய்விட்டு வாருங்கள். உள்ளே நுழைந்த முதல் ஒன்றிரண்டு நிமிடம்தான் மூக்கு உண்மையைச் சொல்லும், அப்புறம் பழகிவிடும். அதனால் செருப்பைக் கழற்றிப்போட்டு நேராகச் சந்தேகப்பட்ட இடங்களுக்குப் போங்கள்: பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், பரண், மாடிப்படிக்குக் கீழே, சுவரை ஒட்டிப் போட்ட பீரோவின் முதுகுப்பக்கம். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போட்டதிலேயே வாடை பாதியாகக் குறைந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

மக்கிய வாடை என்றால் பெரும்பாலும் பூஞ்சணம். பூஞ்சணம் இருந்தால் எங்கோ ஈரம் இருக்கிறது. எதையாவது வாங்கியே தீரவேண்டும் என்று கை அரித்தால், காற்றின் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்குங்கள். முள் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். 50க்குப் பக்கத்தில் இருந்தால் கவலை குறைவு.

கேள்வி: ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வீடு. குளியலறையில் சாக்கடை நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. குழாய் வேலைக்காரர் தரையை உடைத்துப் புதுக் குழாய் போட வேண்டும் என்று முன்பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். தரையில் தண்ணீர் போகும் சல்லடையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, நாளைக் காலை வரை காத்திருங்கள்.

சல்லடைக்குக் கீழே குழாய் ஒரு வளைவு வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்று மேலே ஏறாமல் தடுக்கும் மூடியே அந்தத் தண்ணீர்தான். ஆள் புழங்காத வீட்டில் அது வற்றிப்போகும், நாற்றம் நேராக மேலே வரும். அடுத்த முறை வீட்டைப் பூட்டும்போது தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விடுங்கள், சீக்கிரம் வற்றாது. தினமும் புழங்கியும் நாற்றம் திரும்பி வந்தால், குழாயில் விரிசலா, மாடிக்குப் போகும் காற்றுக்குழாயில் அடைப்பா என்று பார்க்கச் சொல்லலாம். அதையும் வேறு ஆளை வைத்து. ஒரு வாளித் தண்ணீரைப் பற்றி வாய் திறக்காமல் கடப்பாரையைப் பற்றிப் பேசியவரை மறுபடி வாசலேற்ற வேண்டாம்.

கேள்வி: கூடத்தில் சுவிட்ச் போர்டு பக்கம் மட்டும் லேசாக மீன் கவிச்சி அடிக்கிறது. நாங்கள் மீனே வாங்குவதில்லை. அந்த மூலைக்கு மட்டும் ஏதாவது வாசனை வில்லை மாட்டலாமா?

மெயினை அணையுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சூடேறும் சுவிட்சின் பிளாஸ்டிக்கும் ஒயரின் உறையும் அப்படித்தான் நாறும். மீதிப் பதில்களை அவர் வந்து போன பிறகு படித்துக்கொள்ளலாம்.

கேள்வி: தானாக வாசனை தெளிக்கும் கருவி வாங்கினேன். டப்பாவில் 60 நாள் வரும் என்று போட்டிருக்கிறது. இரண்டு வாரத்தில் காலி. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

சட்டப்படி ஏமாற்றவில்லை. எனக்கு எரிச்சலே அதில்தான். டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். 2400 தெளிப்பு என்றோ அதற்குப் பக்கத்திலோ இருக்கும். கருவிக்குள் 9, 18, 36 என்று மூன்று நிலை வைத்திருப்பார்கள். 36 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 40 தெளிப்பு, 60 நாள் வரும். 9 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 160, பதினைந்தே நாள். கொட்டை எழுத்தில் முகப்பில் போட்டிருப்பது முதல் கணக்கு. உங்கள் கருவி ஓடியது இரண்டாவது கணக்கில்.

இந்தக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் பட்டவன்தான். கூடத்துக்கென்று ஒன்று வாங்கி அலமாரி மேல் வைத்தேன். ஒன்றரை மாதத்தில் மூன்று டப்பா தின்றது. ராத்திரி இரண்டு மணிக்கு எல்லோரும் தூங்கும்போது 'உஸ்'. ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடக்கும்போதும் 'உஸ்'. நாலாவது டப்பா மாற்றுகையில் கீழே விழுந்த பேட்டரியை எடுக்க அலமாரியை இழுத்தேன். பின்னால் ஒரு எலி, காகிதம்போல் காய்ந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஆக, ஒன்றரை மாதமாகச் செத்த எலிக்கு எலுமிச்சை வாசனை பூசிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைக்கும் எலுமிச்சை நறுக்கினால் எனக்கு அந்த எலிதான் நினைவுக்கு வருகிறது.

இந்த வியாபாரத்தில் கருவி வெறும் தூண்டில். அதைக் கிட்டத்தட்டச் சும்மா கொடுப்பார்கள், லாபமெல்லாம் மாற்று டப்பாவில். வேறு கம்பெனி டப்பா உள்ளே உட்காராதபடி மூடியின் அளவை அரை விரல் மாற்றி வைப்பார்கள். அந்த மாடலை நிறுத்திவிட்டால் கருவி குப்பைக்கு. அப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதும் 'வாசனை' என்ற அந்த ஒற்றைச் சொல். ஒரு பிஸ்கட் பொட்டலத்தில்கூட உள்ளே இருப்பதை வரிசையாக எழுதுகிறார்கள். இங்கே பல ரசாயனங்கள் ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை தரும் லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகிறது. இழுப்பு, ஆஸ்துமா உள்ள வீட்டில் இதெல்லாம் தேவையே இல்லை. 'மணமற்றது' என்று எழுதியதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். மூல வாடையை மறைக்க அதிலும் கொஞ்சம் வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். 'வாசனைப் பொருள் சேர்க்கப்படாதது' என்று இருந்தால்தான் சேர்க்கவில்லை என்று பொருள்.

சரி, வாங்கியாயிற்று. 36இல் வையுங்கள், ராத்திரியில் அணையுங்கள். அலமாரியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: நாற்றத்தை வேரோடு அழித்து வீட்டை மலைக்காற்றுபோல் ஆக்கும் ஓசோன் கருவி என்று விளம்பரம் வருகிறதே, வாங்கலாமா?

வேண்டாம். நாற்றத்தைப் போக்கும் அளவுக்கு ஓசோன் வந்தால் நுரையீரலுக்குக் கேடு. நுரையீரல் தாங்கும் அளவில் விட்டால் நாற்றத்தைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் வீட்டுக்குள் வைக்கும் காற்றுச் சுத்திகரிப்பான் வெளியிடும் ஓசோன் பத்து லட்சத்தில் 0.05 பங்கைத் தாண்டினால் விற்கவே முடியாது. ரப்பரில்கூட விரிசல் விழ வைக்கும் வாயுவுக்கு 'மலைக்காற்று' என்று பெயர் வைத்தவரின் துணிச்சலை மட்டும் பாராட்டலாம்.

கேள்வி: நானும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீடு. ஓதம் ஏறிய சுவருக்குப் பத்து வருட உத்தரவாதம் என்று சொல்லி வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தார்கள். நாலே மாதத்தில் கொப்பளம், உள்ளே வெள்ளையாக உப்பு, முன்பைவிட மோசமான வாடை. இப்போது போனை எடுப்பதில்லை. விசாரிக்காமல் கொடுத்தது என் முட்டாள்தனம்தானே?

இல்லை. 'உத்தரவாதம்' என்று ஒருவர் சொன்னதை நம்புவது முட்டாள்தனம் ஆகாது. சொல்லிவிட்டுப் போனை எடுக்காமல் இருக்கிறாரே, வெட்கப்பட வேண்டியவர் அவர்.

நடந்தது என்னவென்றால், சுவருக்குள் ஈரம் வரும் வழியை யாரும் அடைக்கவில்லை. முன்னால் அந்த ஈரம் சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டிருந்தது. பழைய வீட்டில் சுண்ணாம்புக் காரை பூசியிருந்தால் அது மூச்சுவிடும், ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் பிளாஸ்டிக் பைபோல ஒரு பூச்சை ஒட்டினார்கள். வெளியே வர வழியில்லாத ஈரம் உப்போடு சேர்ந்து பூச்சைத் தள்ளியது. விரலால் ஒரு கொப்பளத்தை உடைத்துப் பாருங்கள்: பெயின்ட் தோல்போல் உரியும், பின்னால் பஞ்சுபோல் உப்பு உதிரும், காரை ஈரமாக இருக்கும். உடைப்பதற்கு முன்பும் பின்பும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, சரிசெய்யத் தேதி கொடுத்து, கையெழுத்து வாங்கும் தபாலில் அனுப்புங்கள். போனில் கெஞ்சியதற்குச் சாட்சி கிடையாது, தபாலுக்கு உண்டு. பில், பணம் அனுப்பிய ரசீது, அவர் அனுப்பிய குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். பில்லே தரவில்லை என்றாலும் குறுஞ்செய்தியில் 'பத்து வருடம்' என்று இருந்தால் அதுவே பெரிய பிடி. பதில் வராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள்.

சுவருக்கு: கொப்பளத்தைச் சுரண்டிய இடத்தில் ஒரு அலுமினியத் தாளை நான்கு பக்கமும் நாடா ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கூரை, குழாய், தரை என்று தேட வேண்டும். அறைப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்; ஜன்னலைத் திறந்தாலே குறையும். எதுவானாலும் சுவர் காயாமல் யார் வந்தாலும் பெயின்ட் டப்பாவைத் திறக்க விடாதீர்கள். சுவரின் ஓர் அங்குலத் தடிமன் காய ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் பழைய கைக்கணக்கு.

கேள்வி: முன்பு குடியிருந்தவர் விட்ட சிகரெட் வாடை போகவில்லை. விலை உயர்ந்த ஏர் ப்யூரிஃபையர் மூன்று வாங்கிவிட்டேன், நாலாவதாக எதை வாங்கலாம்?

மூன்று வாங்கும் வரை ஒரு பெட்டியின் பக்கவாட்டையாவது படித்தீர்களா? அதற்குள் இருக்கும் ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் அளவு நுண்தூசில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். தூசைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வாடை பெரும்பாலும் வாயு. அதைப் பிடிக்க உயிர்ப்பூட்டிய கரி வேண்டும், அதுவும் கிலோ கணக்கில். உங்கள் கருவிகளில் கரி தூவிய மெல்லிய பஞ்சு ஒன்று இருக்கும், அது சில வாரங்களில் நிரம்பிவிடும்.

அதைவிட முக்கியம், உங்கள் வாடை இப்போது காற்றில் இல்லை, சுவரில் இருக்கிறது. வெள்ளைத் துணியை ஈரமாக்கி ஜன்னல் மேல்பக்கம் ஒரு இழுப்பு இழுங்கள். மஞ்சளாக வருவதுதான் நிகோடினும் தாரும். சுவர், கூரை, கதவு எல்லாம் சோப்புத் தண்ணீரால் கழுவி, காய்ந்த பிறகு கறையை அடைக்கும் ஷெல்லாக் ப்ரைமர் ஒரு கை, அதன்மேல் பெயின்ட். வெறும் பெயின்ட் மட்டும் அடித்தால் மஞ்சளும் வாடையும் அதையும் தாண்டி வெளியே வரும். திரைச்சீலை போய்த்தான் ஆக வேண்டும். நாலாவது கருவிக்கு வைத்திருக்கும் பணம் இதற்குப் போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து ஊற்றினால் எல்லா நாற்றமும் போகும் என்கிறார்களே?

நுரை வரும். நுரை அடங்கியதும் மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டும் உபயோகம். ஆனால் ஒன்று: ப்ளீச்சோடு வினிகரைக் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். மூத்திர வீச்சத்தின்மேல் ப்ளீச் ஊற்றாதீர்கள், அம்மோனியாவோடு சேர்ந்து அதுவும் நச்சு வாயு.

கேள்வி: பழைய பீரோவின் வாடைக்குப் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். குழந்தைத் துணியும் அதில்தான். சரிதானே?

குழந்தைத் துணியை இன்றே வெளியே எடுங்கள். நாப்தலீன் உருண்டை கரைந்து காணாமல் போவதில்லை, ஆவியாகித் துணியில் ஏறுகிறது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்தத் துணி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலைவரை கொண்டுபோய்விடும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலிலும் 2002 முதல் நாப்தலீன் இருக்கிறது. உருண்டையை மூடிய டப்பாவில் போட்டு அப்புறப்படுத்துங்கள், துணியைத் துவைத்து வெயிலில் போடுங்கள், பீரோவைத் திறந்து போட்டுக் காற்றாட விடுங்கள்.

கேள்வி: பழைய மர அலமாரி ஒன்று மலிவாக வருகிறது.

எல்லா இழுப்பறையையும் வெளியே இழுத்துவிட்டு, காலியான பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்து பாருங்கள். நான் ஒரு முறை காற்று வீசும் திறந்த முற்றத்தில் நின்று 'அருமை' என்று வாங்கி வந்தேன். வீட்டுக்குள் வைத்த மூன்றாம் நாள் தெரிந்தது, அதில் ஏதோ ஒரு பூனை தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறது. பூனை மூத்திரத்தின் யூரிக் அமிலப் படிகம் மரத்தில் ஊறிவிட்டால் சோப்புக்குப் போகாது. நொதி கலந்த கழுவுநீரைத்தான் ஊறவிட வேண்டும், அதுவும் இரண்டு மூன்று முறை. நான் ஐந்து முறை விட்டேன். ஆறாவது முறை அலமாரியை விட்டுவிட்டேன்.

கேள்வி: எல்லாருக்கும் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன வாடை?

எனக்குத் தெரியாது, என் மூக்குக்குப் பழகிவிட்டது. போன மாதம் தங்கை வந்து, 'அண்ணா, செருப்பு அலமாரியில் ஏதோ செத்துக் கிடக்கிறது' என்றாள். எலி இல்லை. ஈரம் உறிஞ்ச நான் வைத்த கால்சியம் குளோரைடு டப்பா நிரம்பிக் கவிழ்ந்து, புதுத் தோல் செருப்பு இரண்டு ஜோடி அந்தத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. டப்பாவில் 'நிரம்பியதும் மாற்றவும்' என்று எழுதித்தான் இருந்தது. பொடி எழுத்தில்.