லாண்ட்மாஸ்ரர் சத்தத்துக்கு ஓடுகிறான், பெயர் சொன்னால் திரும்புகிறானில்லை

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்குக் கிட்டவிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 2 வயதும் 3 மாதமும். நேரத்துக்கு நடந்தான், நிறையும் சரி. ஆனால் "அம்மா" என்றுகூடச் சொல்வதில்லை. கூப்பிட்டால் சில வேளை திரும்புவான், பல வேளை இல்லை. றோட்டில் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் வந்தால் மட்டும் ஓடிப்போய்ப் பார்ப்பான், ஆகவே காது கேட்கிறது என்கிறார். "தகப்பனும் மூன்று வயதில்தான் கதைத்தவன், பேசாமல் இரு பிள்ளை" என்பது மாமியின் தீர்ப்பு. பொறுத்திருக்கலாமா?

வேண்டாம். மாமி சொல்வது பொய்யில்லை. பிந்திக் கதைக்கிற குடும்பங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் எந்தப் பிள்ளை தானாகத் தேறும், எது தேறாது என்று இந்த வயதில் முகத்தைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. வைத்தியரிடம் காட்டிவிட்டு ஒன்றுமில்லை என்றால் பஸ் காசுதான் நட்டம்.

முதலில் காது. லாண்ட்மாஸ்ரர் போடுவது பெரிய, தடித்த சத்தம், நிலமே அதிரும். பேச்சில் வரும் ச, த, ப போன்ற ஒலிகள் அப்படியில்லை, மெல்லியவை. உழவு மெசின் கேட்கிற பிள்ளைக்கு இவை கேட்காமல் போகலாம். அப்போது நீங்கள் கதைப்பது அவனுக்குத் துண்டு துண்டாகத்தான் போய்ச் சேரும். அடிக்கடி தடிமன் வந்து நடுக்காதில் நீர் தேங்கினாலும் இப்படி ஆகும், அதைக் குணப்படுத்தலாம். பின்னால் நின்று சட்டி மூடியைத் தட்டிப் பார்ப்பதைச் சோதனை என்று நினைக்காதீர்கள். கருவி வைத்துச் செய்யும் கேள்திறன் பரிசோதனையைப் பிள்ளை நித்திரையில் இருக்கும்போதும் செய்யலாம். அந்தக் கருவி எல்லா வைத்தியசாலையிலும் இருக்காது. வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பக்கூடும்.

அடுத்தது விரல். கதைக்கிறானா என்பதைவிட, விரலால் காட்டுகிறானா என்றுதான் நான் முதலில் கேட்பேன். முற்றத்தில் மயில் வந்து நின்றால் விரலை நீட்டி, மயிலையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறானா? "பார்த்தாயா அம்மா" என்பதை வாயில்லாமலே சொல்வது அது. அல்லது உங்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய், ஒரு சாமானை எடுத்து வைப்பதுபோல அந்தக் கையை பிஸ்கட் டின்மேல் வைத்துவிட்டு நிற்கிறானா? விரலால் காட்டுவதும் இருந்து, நீங்கள் சொல்வதும் அவனுக்கு விளங்கினால் பேச்சு மட்டும் பிந்தியிருக்கலாம். காட்டுவதே இல்லை, பெயருக்கும் திரும்புவதில்லை என்றால் ஓட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை) இருக்கிறதா என்று குழந்தை நல வைத்திய நிபுணர் பார்க்கவேண்டும். 12 மாதத்தில் கைச்சைகை இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல் இல்லை, 24 மாதத்தில் தானாகச் சேர்த்துச் சொல்லும் இரண்டு சொல் இல்லை என்றால் அது வைத்தியரிடம் காட்டவேண்டிய பிள்ளை. சொன்ன சொற்களை ஒரு பிள்ளை இழந்துவிட்டால், எந்த வயதானாலும், அடுத்த கிளினிக் நாள்வரை இருக்காதீர்கள்.

இங்கே ஒரு சிக்கல். இலங்கையின் தடுப்பூசி அட்டவணையில் 18 மாத ஊசிக்குப் பிறகு அடுத்தது 3 வயதில்தான். அடையாளங்கள் தெரியவருவதும் இந்த இடைவெளியில்தான். கிளினிக் கொப்பியில் நிறைப் பக்கம் புள்ளி புள்ளியாக நிறைந்திருக்கும், வளர்ச்சிப் படிகளுக்கான பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அதைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டு போங்கள். குடும்பநல மாதுவிடம் "கதைக்கிறானில்லை" என்று மட்டும் சொன்னால் "கொஞ்சம் பாருங்கோ" என்ற பதிலே வரக்கூடும். "பெயருக்குத் திரும்புகிறானில்லை, காட்டுகிறானில்லை, காது பார்க்கக் கடிதம் வேணும்" என்று கேளுங்கள். வீட்டில் அவன் விளையாடுவதை இரண்டு நிமிடம் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் முன் அவன் அழுதுகொண்டுதான் இருப்பான்.

போன் என்றதும் இன்னொன்று. போன் பார்ப்பதால் ஓட்டிசம் வருவதில்லை. ஆனால் அது உங்களோடு இருக்கவேண்டிய நேரத்தைத் தின்றுவிடும். இந்த வயதில் நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைந்தால் இன்னும் நல்லது.

முடிவு வரும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. கிணற்றடியில் குளிக்க வார்க்கும்போது அவன் முகத்துக்கு நேரே குந்தியிருந்து, ஒரு வாளி ஊற்றிவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். ஒரு பார்வை, ஒரு முனகல், ஒரு கையசைவு எது வந்தாலும் "தண்ணி!" என்று சொல்லி ஊற்றுங்கள். பிஸ்கட்டை முழுதாகக் கொடுக்காமல் சின்னத் துண்டாகக் கொடுத்து, மறுபடி கேட்கவையுங்கள். கேட்பதற்கு முன்னே எடுத்து நீட்டுகிற பழக்கம் அப்பம்மாமாருக்கு அதிகம், அவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை, முன்பள்ளி பற்றிய கேள்விகளுக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரையும் பாருங்கள். வைத்தியக் கடிதங்களின் பிரதியும் கையில் இருக்கட்டும். காதுப் பரிசோதனை முடிந்ததும் முடிவுத்தாளில் உள்ளதை எழுதி அனுப்புங்கள். அடுத்து என்ன என்பது அதைப் பொறுத்தது.