மராத்தி சினிமாவின் முன்னோடி ஒளிப்பதிவாளர் கேசவ்ராவ் தாய்பர் யார்?

கோலாப்பூரில் திரைப்பட இயக்குநர் பாபுராவ் பெயிண்டரின் மகாராஷ்டிரா ஃபிலிம் கம்பெனியில் தொழில் பழகியவர். 1927இல் அங்கேயே, பிற்பாடு பெரிய இயக்குநரான வி. சாந்தாராமுடன் சேர்ந்து ‘நேதாஜி பால்கர்’ படத்தை இயக்கினார். 1929இல் பிரபாத் ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கிய ஐவரில் இவரும் ஒருவர்.

முதல் மராத்தி பேசும் படமான ‘அயோத்தியேச்சா ராஜா’வுக்கு (1932) கேமரா இவர்தான். அதே படம் இந்தியிலும் எடுக்கப்பட்டது. அப்போது டப்பிங் கிடையாது. காட்சிகளை இரண்டு மொழியிலும் தனித்தனியாகப் படமாக்க வேண்டும்.

ஆனால் என்னைக் கேட்டால், இவரை அறிய ‘அமிர்த மந்தன்’ (1934) பார்க்க வேண்டும். வெறிபிடித்த ராஜகுருவாக நடித்தவர் சந்திரமோகன். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸ் போட்டு அவருடைய ஒற்றைக் கண்ணைத் திரை முழுக்கக் காட்டியிருப்பார் தாய்பர். அந்தக் கண்ணைப் பார்த்தாலே ஆள் எப்படிப்பட்டவன் என்று புரிந்துவிடும், வசனமே தேவையில்லை. மேடை நாடகத்தைப் போலத் தூரத்தில் கேமராவை நிறுத்திப் படமெடுப்பது சகஜமாக இருந்த காலத்தில் அது பெரிய துணிச்சல்.

அப்புறம் பிரபாத்திலிருந்து விலகினார். ஏ.வி. மெய்யப்பன் தயாரித்து, டி.ஆர். மகாலிங்கம் நடித்த தமிழ் ‘நந்தகுமார்’ (1938) படத்தை இயக்கியவரும் இவரே. பிரபாத் புனேயில் அமைத்த ஸ்டூடியோ வளாகத்தில்தான் இன்று திரைப்படக் கல்லூரி நடக்கிறது.