புலி, குரங்கு, ஃபெரட்: அமெரிக்காவில் எதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்?

கே: சார், டெக்சாஸில் காசு இருந்தால் புலியே வளர்க்கலாமாமே?

ப: அது பழைய கதை. கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) தடுக்காத இடங்களில், பதிவும், விலங்கால் பிறருக்கு நேரும் சேதத்துக்குக் குறைந்தது 1 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடும் இருந்தால் வளர்க்க முடிந்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பெரும்பூனைகளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. புலி, சிங்கம், சிறுத்தை, பூமா எதையும் இனி புதிதாகச் செல்லப்பிராணியாக வாங்க முடியாது. முன்பே வைத்திருந்தவர்கள் 2023 ஜூன் 18க்குள் பதிவு செய்திருந்தால் அந்த விலங்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இனப்பெருக்கம் செய்யவோ விற்கவோ கூடாது.

கே: குரங்கு?

ப: அந்தச் சட்டத்தில் குரங்கு இல்லை, மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸின் ஆபத்தான விலங்குகள் பட்டியலில் சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான், பபூன் உண்டு, சின்னக் கபுச்சின் குரங்கு இல்லை. உடனே கிளம்பிவிடாதீர்கள். மாநிலம் சரி என்றாலும் உங்கள் நகரம் தடை போட்டிருக்கலாம். மத்திய அரசு, மாநிலம், உள்ளூர் என்ற மூன்று அடுக்கில் எது கறாரோ அதுதான் செல்லும்.

கே: மத்திய வேளாண் துறை உரிமம் எடுத்தால் மாநிலம் கேட்காது என்று விற்பவர் சொல்கிறாரே?

ப: விற்பவர் வேறென்ன சொல்வார்! காட்சிக்கு வைப்பவர்களுக்கும் வளர்த்து விற்பவர்களுக்குமான உரிமம் அது. மாநிலத் தடை அப்படியே இருக்கும்.

கே: கலிபோர்னியாவுக்குக் குடிபோகிறோம். எங்கள் ஃபெரட் (கீரி போன்ற சிறு வளர்ப்புப் பிராணி)?

ப: கொண்டுபோக முடியாது. அங்கே எலி போன்ற சின்ன ஜெர்பிலுக்கே தடை. ஹவாய் இன்னும் மோசம்: பாம்பு வைத்திருந்தால் 2 லட்சம் டாலர் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. பசிபிக்கில் உள்ள குவாம் தீவில் பழுப்பு மரப்பாம்பு நுழைந்து காட்டுப்பறவைகளைக் கிட்டத்தட்ட துடைத்தெடுத்துவிட்டது. ஹவாய்க்கும் அந்தப் பயம்தான். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

கே: ஒஹாயோ மாநிலம் ஏன் திடீரென்று கடுமையானது?

ப: 2011 அக்டோபரில் அங்குள்ள சேன்ஸ்வில் நகருக்கு அருகே ஒருவர் தன் பண்ணையில் இருந்த சுமார் 50 காட்டு விலங்குகளைத் திறந்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். இருட்டிக்கொண்டு வந்தது, மயக்க ஊசிக்கு நேரமில்லை. பெரும்பாலானவற்றைப் போலீஸ் சுட்டது, அதில் 18 வங்கப் புலிகள். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது.

கே: வளர்க்கும் ரக்கூன் (கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை உள்ள அமெரிக்கக் காட்டுவிலங்கு) யாரையாவது கடித்தால்?

ப: ரக்கூனுக்குப் போட அங்கீகரிக்கப்பட்ட ரேபிஸ் ஊசி கிடையாது. (ஃபெரட்டுக்கு உண்டு.) நோய் இருக்கிறதா என்று அறிய மூளைத் திசுவைத்தான் சோதிக்க வேண்டும், எனவே பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். 2024இல் நியூயார்க் மாநிலத்தில் உரிமமில்லாத ஒரு வீட்டில் பிடித்த அணிலையும் ரக்கூனையும் அப்படித்தான் கொன்றார்கள். இரண்டுக்கும் ரேபிஸ் இல்லை.